கருப்பட்டிக்காக ஒரு ரயில் ஓடியது, தெரியுமா?

குலசேகரன்பட்டினம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முத்தாரம்மன் கோயில் தசரா! காளி வேஷம், குறவன் குறத்தி வேஷம், ஊர் கொள்ளாத கூட்டம்! அடுத்து? இஸ்ரோவின் புதிய ராக்கெட் தளம்! சரி, ரயில் ஞாபகம் வருமா? வராது! இன்றைக்குக் குலசையில், அதாவது குலசேகரன்பட்டினத்தில், ரயில் நிலையமே கிடையாது. ஆனால் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதே குலசையில் புகை கக்கிக்கொண்டு ஒரு குட்டி ரயில் நின்றது! அதுவும் அரசாங்க ரயில் இல்லை, ஒரு கம்பெனியின் சொந்த ரயில்! அது எதற்காக வந்தது என்று கேட்டால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள். நிலக்கரிக்காக அல்ல, பருத்திக்காக அல்ல, ராணுவத்துக்காகவும் அல்ல. கருப்பட்டிக்காக!

ஆமாம், நம் உடன்குடிக் கருப்பட்டியேதான்!

பாரி கம்பெனி தெரியும்தானே? சென்னை பாரிமுனைக்குப் பெயர் கொடுத்த அதே பாரி! தாமஸ் பாரி என்ற வணிகர் 1788-ல் தொடங்கிய வியாபாரம் அது. கடலூருக்குப் பக்கத்தில் நெல்லிக்குப்பத்தில் 1842-லேயே சர்க்கரை ஆலை கண்ட கம்பெனி! அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 'ஈஸ்ட் இந்தியா டிஸ்டிலரீஸ் அண்ட் சுகர் ஃபேக்டரீஸ்' என்ற நிறுவனம் குலசையில் ஒரு சர்க்கரை ஆலையை வைத்தது. நெல்லிக்குப்பத்தில் கரும்பு உண்டு. தேரிக்காட்டில் கரும்புக்கு எங்கே போவது? செம்மணல் மேட்டில் கரும்பு வருமா? வரவே வராது! ஆனால் அங்கே வேறொன்று கண்ணுக்கு எட்டிய தூரம் நின்றது. பனை! கரும்பே இல்லாத ஊரில் பனங்கருப்பட்டியைக் காய்ச்சிச் சுத்தம் செய்து வெள்ளைச் சர்க்கரை எடுத்தார்கள்! ஆலைக்குக் கருப்பட்டி வந்து சேர வேண்டுமே, அதற்குத்தான் தண்டவாளம்! முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டிப் பிறந்த இந்தப் பாதைக்குப் பெயர் 'குலசேகரன்பட்டினம் லைட் ரயில்வே'.

எங்கிருந்து எங்கே ஓடியது தெரியுமா? ஒரு முனை திருச்செந்தூர், மறு முனை திசையன்விளை, நடுவில் குலசையும் உடன்குடியும்! மொத்த நீளம் சுமார் 27 மைல், அதாவது 43 கிலோமீட்டர். இன்றைய வரைபடத்தில் பார்த்தால் தூத்துக்குடி மாவட்டத்தில் புறப்பட்டுத் திருநெல்வேலி மாவட்டத்தில் போய் முடிகிற பாதை! அந்தக் காலத்தில் எல்லாம் ஒரே திருநெல்வேலி ஜில்லாதான். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986 அக்டோபர் 20-ல்!

ஒன்றரை முழம்கூட இல்லாத பாதை!

இந்த ரயிலின் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி தெரியுமா? வெறும் 2 அடி! மில்லிமீட்டரில் 610! கையால் அளந்தால் ஒன்றரை முழம்கூடத் தேறாது! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட ஒரு காலை இந்தத் தண்டவாளத்திலும் மறு காலை அந்தத் தண்டவாளத்திலும் வைத்து நின்றுவிடலாம்!

இன்றைக்கு நாம் போகும் அகலப் பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். குலசை ரயிலைப் போல ஏறத்தாழ ரெண்டே முக்கால் மடங்கு! நடுவில் இருந்த மீட்டர் கேஜ் 1,000 மில்லிமீட்டர். நம் ஊரில் வயதானவர்கள் 'மீட்டர் கேஜ் காலம்' என்று ஏக்கத்தோடு சொல்வார்களே, அதைவிடவும் சின்னது குலசை ரயில்!

இவ்வளவு ஒல்லியாக ஏன் போட்டார்கள்? செலவு! இந்த வகைப் பாதையில் ஒரு மீட்டர் தண்டவாளம் 15, 20 கிலோ எடைதான் இருக்கும். இப்போதைய முதன்மைப் பாதைகளில் அதே ஒரு மீட்டர் 60 கிலோ! நாலைந்து பேர் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிடலாம். வளைவையும் நெருக்கமாக வளைக்கலாம். பனந்தோப்பு குறுக்கே வந்தால் சுற்றிக்கொண்டு போகலாம், ஊர் வந்தால் ஒதுங்கிப் போகலாம். பெரிய பாலம், பெரிய கரை எதுவும் வேண்டாம்! ஒரு சர்க்கரை ஆலை தன் கைக்காசில் 27 மைல் ரயில் ஓட்ட முடிந்த ரகசியம் இதுதான்!

ஒரு கருப்பட்டிக்குப் பின்னால் எத்தனை உழைப்பு!

இந்த ரயில் சுமந்த சரக்கு எப்படி உருவானது என்று தெரிந்தால் மலைத்துப் போவீர்கள்!

விடியுமுன்னே பனையேறி கிளம்பிவிடுவார். இடுப்பில் அரிவாள் பெட்டி, உள்ளே பாளை சீவும் அரிவாள், கூடவே சுண்ணாம்பு. காலில் தளைநார். நெஞ்சு மரத்தில் உரச உரச ஏறி, உச்சியில் பாளையின் நுனியை ஒரு மெல்லிய சீவு சீவி, கட்டியிருக்கிற கலயத்தில் இரவெல்லாம் சொட்டிய பதநீரை எடுப்பார். தென்பக்கம் போனால் இதையே அக்கானி என்பார்கள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால்தான் அது பதநீர். தடவ மறந்தால் புளித்துக் கள்ளாகிவிடும்! ஒரு விரல் சுண்ணாம்பில் எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள்!

ஒரு கணக்குப் போடுவோமா? ஒரு மரம் 50 அடி என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 30 மரம். காலையும் மாலையும் இரண்டு வேளை. 50-ஐ 30-ஆல் பெருக்கி, பிறகு 2-ஆல் பெருக்குங்கள். 3,000 அடி! ஏறுவது மட்டும் 3,000 அடி, இறங்குவது தனி! நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 8,650 அடி. அப்படியானால் ஒரு பனையேறி மூன்றே நாளில் தொட்டபெட்டா உயரத்தைத் தாண்டிவிடுகிறார்! கயிறு பிடிக்க ஆள் கிடையாது, தலைக்கவசம் கிடையாது, வெறும் கைகால் பலம்!

இறக்கிய பதநீர் விடிலிக்குப் போகும். ஓலையால் வேய்ந்த சின்னக் குடிசைதான் விடிலி. பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் அடுப்போடு போராடுவார்கள். பனை ஓலையையும் மட்டையையுமே விறகாகத் தள்ளி, மணிக்கணக்கில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கைவிட்டால் அடிப்பிடிக்கும்! பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் அரைக்கோள வடிவில் கருப்பட்டி! ஒரு கிலோ கருப்பட்டிக்கு எவ்வளவு பதநீர் தெரியுமா? ஏறத்தாழ 8 லிட்டர்! மீதி எல்லாம் ஆவி!

அந்த வெயிலும் புகையும் சேர்ந்து கட்டியான இனிப்புதான் குலசை ரயிலில் ஏறியது. சர்க்கரை ஆலை பெரியது, கம்பெனி பெரியது, எல்லாம் சரி. ஆனால் இந்த ரயிலின் முதலாளி என்று யாரையாவது சொல்லச் சொன்னால் நான் பனையேறியைத்தான் சொல்வேன்!

அதே உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ரயில் போய் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனபிறகும் கருப்பட்டி நிற்கிறது!

மணல் மேல் ரயிலா?

தேரி பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் அவசியம் பாருங்கள்! மிளகாய்த் தூளைக் குவித்துவைத்ததுபோல் சிவந்த மணல் மேடுகள், கடலுக்குப் பக்கத்திலேயே! காற்றடி காலத்தில் மணல் இடம் மாறும். நேற்றுப் பார்த்த மேடு இன்று கொஞ்சம் தள்ளி நிற்கும்! இப்படிப்பட்ட மண்ணை ஒட்டி ரயில் ஓட்டுவது எவ்வளவு பெரிய சவால் என்று யோசித்துப் பாருங்கள். தண்டவாளத்தை மணல் மூடும், அச்சுக்குள் மணல் புகும், நீராவிக்கு நல்ல தண்ணீர் வேண்டும்!

இந்தத் தேரியின் வயதும் சாதாரணமல்ல! உலோகம் என்றால் என்னவென்றே தெரியாத காலத்து மனிதர்கள் செதுக்கிய விரல் நகம் அளவுக் கல்லாயுதங்கள் இங்கே கிடைத்திருக்கின்றன. சாய்னர், ஆல்சின் என்ற இரு அறிஞர்கள் 1956-ல் இதைப் பற்றித் தனி ஆய்வே வெளியிட்டார்கள். கல்லாயுத மனிதன் நடந்த வட்டாரத்தில் நீராவி ரயில்!

மணலே உதவுகிற ரயிலும் உண்டு!

குலசையைப் போல 2 அடிப் பாதையில் இன்றும் நீராவி எஞ்சின் ஓடுகிறது, எங்கே தெரியுமா? டார்ஜிலிங்கில்! 1881-ல் தொடங்கிய பாதை. 1999-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது! அங்கே 'பி கிளாஸ்' என்கிற எஞ்சின்கள் 1889 முதல் வந்தவை. நான்கே சக்கரம்! தண்ணீர்த் தொட்டியைக் குதிரைச் சேணம் மாதிரி முதுகிலேயே சுமக்கும்! பின்னால் தனி நிலக்கரி வண்டி கிடையாது. எடை சுமார் 15 டன்! இன்றைய முத்துநகர் எக்ஸ்பிரஸ் போன்ற ரயில்களை இழுக்கும் 'வாப் 7' மின்சார எஞ்சின் 123 டன். அந்த எடையில் எட்டுக் குட்டி எஞ்சின்கள் அடங்கும்!

அந்தக் குட்டி எஞ்சினின் முகப்பில் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டே போவார்கள்! எதற்கு? ஏற்றத்தில் சக்கரம் வழுக்காமல் பிடிப்பதற்கு! தேரி ரயிலுக்கு மணல் தொல்லை, மலை ரயிலுக்கு மணலே துணை!

சரி, 2 அடிப் பாதையில் நீராவி எஞ்சினை ஓட்டலாம் என்று உலகத்துக்குக் காட்டியது யார்? பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள ஃபெஸ்டினியோக் ரயில்வே! பலகைக் கல் சுமக்க 1836-ல் குதிரையோடு தொடங்கிய பாதை, 1863-ல் நீராவிக்கு மாறியது. அது வரை இவ்வளவு ஒடுங்கிய பாதையில் எஞ்சின் நிற்காது, கவிழும் என்றே பலரும் நினைத்தார்கள்! அப்போது வந்த 'பிரின்ஸ்' என்ற எஞ்சின் இன்றும் ஓடுகிறது, தெரியுமா? வயது 160-க்கு மேல்! அங்கே கல், இங்கே கருப்பட்டி!

ஒரே ஊர், இரண்டு பாதை!

திருச்செந்தூருக்குப் பெரிய ரயில் எப்போது வந்தது? 1923-ல்! திருநெல்வேலி ஜில்லா போர்டு பணம் போட்டுக் கட்டிய மீட்டர் கேஜ் பாதை. செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வழியாகச் சுமார் 38 மைல். ஜில்லா போர்டுகள் ரயில் பாதை வைத்திருந்த காலம் அது! இன்றைக்கு ஒரு மாவட்ட ஊராட்சி ரயில் விடும் என்று நினைத்துப் பார்க்க முடிகிறதா?

1923 முதல் 1940 வரை, 17 வருஷம், திருச்செந்தூரில் இரண்டு அளவு ரயில்கள் வந்துபோயின! நெல்லையிலிருந்து மீட்டர் கேஜ், திசையன்விளையிலிருந்து 2 அடி ரயில். ஒன்றின் பெட்டி மற்றதன் பாதையில் ஏறவே ஏறாது! திசையன்விளையில் ஏறி நெல்லைக்குப் போக நினைத்தவர், செந்தூரில் இறங்கி, மூட்டை முடிச்சை மாற்றிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. குட்டி ரயில் நேரே முருகன் ஊரிலேயே கொண்டுவந்து இறக்கிவிடும்! ஆம், இது வெறும் சரக்கு ரயில் இல்லை, ஆட்களும் ஏறிப்போன ரயில்!

1940-ல் குட்டி ரயில் நின்றது. மீட்டர் கேஜ் பாதை 2008-ல் அகலப் பாதையாக மாறியது. இப்போது செந்தூர் எக்ஸ்பிரஸ் சென்னை வரைக்கும் நேராகப் போகிறது!

அந்தப் பாதையும் லேசுப்பட்டதல்ல! 2023 டிசம்பர் 17, 18-ல் என்ன நடந்தது என்று மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை! பல ஊர்களில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகம்! தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், கம்பி மட்டும் அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அன்று அதை நிறுத்தாமல் விட்டிருந்தால்? நினைக்கவே நடுங்குகிறது! ஹெலிகாப்டரில் சாப்பாடு போட்டு, பிறகு எல்லோரையும் பத்திரமாக மீட்டார்கள்.

முத்துக்குளித்துறையின் ரயில் அதிசயங்கள்!

தூத்துக்குடிக்கு ரயில் வந்தது எப்போது தெரியுமா? 1876-ல்! பாம்பன் பாலம் வருவதற்கு 38 ஆண்டுகள் முன்பே! அப்போது சென்னையிலிருந்து கொழும்புக்கு எப்படிப் போனார்கள்? ரயிலில் தூத்துக்குடி, அங்கிருந்து கப்பல்! அதுதான் அந்நாள் 'போட் மெயில்'! சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஏறத்தாழ 22 மணி நேரம் பிடித்தது. இன்றைக்கு ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடிந்ததும் தூத்துக்குடி, 11 மணி நேரம்கூட ஆகாது!

இன்னொன்று! தூத்துக்குடியில் பெரிய கப்பல் கரைக்கே வராது! கடல் ஆழம் போதாமல் ஐந்தாறு மைல் தள்ளியே நங்கூரம் போடும். ரயிலில் இருந்து இறங்கிய பயணிகளைச் சின்னப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றினார்கள்! ரயில், படகு, கப்பல் என்று மூன்று வாகனம் மாறிக் கொழும்பு!

அந்தக் கடல் வழியில்தான் வ.உ.சிதம்பரனார் வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதினார். 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கம்! காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்! போட்டி எவ்வளவு சூடாக இருந்தது தெரியுமா? எதிர்க் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இலவசப் பயணத்தோடு ஒரு குடையையும் கொடுத்தது என்று சொல்வார்கள்! அப்படியும் சுதேசிக் கப்பலைத் தேடிப் போனவர்கள் உண்டே, அவர்கள் நெஞ்சுரத்தை என்னவென்பது! 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ஜங்ஷனில், தூத்துக்குடிப் பாதை பிரிகிற அதே இடத்தில், கலெக்டர் ஆஷ் ரயில் பெட்டியிலேயே வாஞ்சிநாதனால் சுடப்பட்டார். சின்ன ஜங்ஷன், நாடே அதிர்ந்த வெடிச்சத்தம்!

முத்து? அதை விட்டுவிட முடியுமா! 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ வியந்து எழுதிய கடல் இது. இடுப்பில் கயிறு, காலில் கல், மூச்சை அடக்கிக்கொண்டு பாருக்குள் பாய்ந்து சிப்பி அள்ளினார்கள். ஆயிரக்கணக்கில் சிப்பி திறந்தால்தான் நல்ல முத்து நாலு தேறும்! இயற்கை முத்துக் குளிப்பு நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. 1973-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கடல் சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டியதும் இதே தூத்துக்குடிதான்! முத்து எடுப்பது நின்றாலும் 'முத்துநகர்' பெயரில் ரயில் தினமும் ஓடுகிறது!

குலசை ரயிலின் விநோதச் சொந்தங்கள்!

மூணாறில் ரயில் ஓடியது தெரியுமா? நம்பமாட்டீர்கள்! 1902-ல் தேயிலை சுமக்க ஒற்றைத் தண்டவாளப் பாதை, இழுத்தது மாடு! 1908-ல் அதையே 2 அடி ரயில் பாதையாக மாற்றினார்கள், குலசையின் அதே அளவு! டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கம்பிக்கயிற்றில் தொங்கும் பெட்டியில் தேயிலை கீழே கொட்டகுடிக்கு இறங்கும், பிறகு போடிநாயக்கனூர்! 1924 பெருவெள்ளத்தில் மொத்தமும் அழிந்தது. இன்று மிஞ்சியது 'டாப் ஸ்டேஷன்' என்ற பெயர்! சுற்றுலா போய்ப் படம் எடுத்துக்கொள்கிற எத்தனை பேருக்குத் தெரியும், அது ரயில் ஸ்டேஷனின் பெயர் என்று?

பாட்டியாலாவில் இன்னும் விநோதம்! 1907 முதல் 1927 வரை ஒரே ஒரு தண்டவாளத்தில் ரயில்! ஒரு வரிசைச் சக்கரம் தண்டவாளத்தில் உருளும், மறுபக்கம் பெரிய சக்கரம் ரோட்டில் உருளும்! அரண்மனை ராணுவத்தில் வேலையில்லாமல் நின்ற கோவேறு கழுதைகளை வைத்தே முதலில் இழுத்தார்கள்! அதன் நீராவி எஞ்சின் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குவாலியரில்? 198 கிலோமீட்டர் நீளத்துக்கு 2 அடி ரயில் 2020 வரை ஓடியது! அந்த ஊர் மகாராஜா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வெள்ளியில் செய்த ஒரு பொம்மை ரயில் வேறு! பிராந்தியும் சுருட்டும் சுமந்துகொண்டு விருந்தாளிகள் முன் போகும், யாராவது பாட்டிலைத் தூக்கினால் தானே நிற்கும்! ஏழு பெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்து, சேர்த்துப் படித்தால் 'சிந்தியா'!

நம் பக்கத்திலேயே இன்னொரு மறைந்த ரயில், தனுஷ்கோடி! 1964 டிசம்பர் 22 இரவு, புயல். பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில், பயணிகளோடு கடலுக்குள் போனது. அந்த ஊருக்கு அதன்பின் ரயிலே இல்லை. இதற்கு ஆச்சரியக்குறி போட மனம் வரவில்லை.

ரயில் போனது, ராக்கெட் வந்தது!

1940-ல் ரயில் நின்ற குலசை அடுத்து என்ன செய்தது தெரியுமா? இரண்டே ஆண்டில் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது! 1942 ஆகஸ்ட் புரட்சியின் கொந்தளிப்பில், செப்டம்பரில், உப்பளத்தில் லோன் என்ற வெள்ளைக்கார அதிகாரி கொல்லப்பட்டார். 'குலசேகரன்பட்டினம் சதி வழக்கு' நடந்தது. காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை! தூக்குமேடையின் விளிம்பு வரை போய், பிறகு உயிர் தப்பினார்கள்!

இப்போதைய குலசைக்கு வாருங்கள். 2024 பிப்ரவரி 28-ல் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் தளத்துக்கு அடிக்கல்! 2,200 ஏக்கருக்கு மேல் இடம்! அன்றைக்கே ஒரு சின்ன ரோகிணி ராக்கெட்டையும் இங்கிருந்து செலுத்திக் காட்டினார்கள்! ஏன் குலசை? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே செலுத்தினால் இலங்கை குறுக்கே வரும். ராக்கெட் வளைந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும், எரிபொருள் வீண்! குலசையிலிருந்து விட்டால் நேர் தெற்கே கடல், கடல், கடல்! தடுக்க ஒரு தீவுகூட இல்லை!

இங்கிருந்து கிளம்பப் போகிற எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் எடை என்ன தெரியுமா? 120 டன்! உயரம் 34 மீட்டர், 500 கிலோ வரை செயற்கைக்கோளைச் சுமக்கும்! முன்னால் சொன்னோமே, ஒரு 'வாப் 7' எஞ்சின் 123 டன் என்று? கிட்டத்தட்ட ஒரு ரயில் எஞ்சினைத் தூக்கி நிறுத்தி வானத்துக்கு அனுப்புவதற்குச் சமம்!

இவ்வளவும் வந்தாயிற்று, ரயில் மட்டும் திரும்ப வரவில்லை! திருச்செந்தூரிலிருந்து குலசை, உடன்குடி, திசையன்விளை வழியாகக் கன்னியாகுமரிக்குக் கடற்கரை ரயில் பாதை வேண்டும் என்பது இந்தப் பக்கத்து மக்களின் பல வருஷக் கோரிக்கை. கேட்பது புதுமையான எதையுமல்ல! திசையன்விளை வரைக்கும் இவர்களின் தாத்தாக்கள் டிக்கெட் எடுத்துப் போன அதே வழிதான்! தசராவுக்குப் பல லட்சம் பேர் திரள்கிற ஊர், ராக்கெட் விடப் போகிற ஊர், ரயிலுக்கு இன்னும் திருச்செந்தூருக்கோ நெல்லைக்கோ பஸ் பிடித்துப் போய்க்கொண்டிருக்கிறது!